இராயப்பர் எதிர்கொண்ட வினா



மணலியிலிருந்து திருவொற்றியூர் வழியாகத் தெற்கே சென்றால் இராயபுரம். அங்கே படகுக்காரர் எழுப்பிய ஆலயத்துக்குரியவர் இராயப்பர். பீட்டர் என்றும் பேதுரு என்றும் நாம் வழங்கும் அவர் பெயரே ஊர்ப்பெயராயிற்று என்பர். அவரைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் கூறும் செய்தி ஒன்று உண்டு. யோப்பா என்னும் துறைமுகப்பட்டினத்தில், கடலோரத்தில் தோல் பதனிடும் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் ஒரு காட்சி கண்டார். அதன்பின், யூதரல்லாத உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவின் இல்லத்தினுள் நுழைந்து, அவன் வீட்டாருக்குத் திருமுழுக்கும் அளிக்கச் செய்தார். எருசலேமுக்குத் திரும்பியதும் அவரை நிறுத்தி வினவியோர் பகைவரல்லர், சொந்தச் சபையினரே.

தன்பாலீர்ப்புடைய ஆண்களையும் பெண்களையும் திருச்சபை தள்ளிவைத்தல் தகாது என்று இந்நாளில் பேசும் கிறிஸ்தவத் தலைவர் பலர் இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டுகின்றனர். அவர்களையும் வினவுவோர் சொந்தச் சபையினரே.

முதலில் சட்டத்தின் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் 1533-ஆம் ஆண்டு வரை ஆணோடு ஆண் கூடுதல் திருச்சபை மன்றங்கள் விசாரித்த பாவமாக இருந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், அவ்வாண்டில், அது மரண தண்டனைக்குரிய அரசுக் குற்றமாயிற்று. அதன் வழித்தோன்றலே, மெக்காலே முதற்படி வரைந்து 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. ஆயுள் தண்டனை வரை விதிக்க அது இடமளித்தது. பாவம் வேறு, குற்றம் வேறு என்னும் பகுப்பை மீண்டும் எடுத்துரைத்தவர்களும் இங்கிலாந்தின் மதகுருமாரே என்பது வரலாற்றின் விந்தை! 1954-இல் டெரிக் ஷெர்வின் பெய்லி என்னும் குருவானவரின் முயற்சியால் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்கநல மன்றம் சட்டத்தை ஆராயுமாறு வேண்டிற்று. பேராயர் மைக்கேல் ராம்சே அச்செயலைப் பாவமென்றே கருதியவர். ஆயினும் அதற்குச் சிறைவாசம் தகாது என்று பிரபுக்கள் சபையில் வாதாடினார். 1967-இல் அங்கே சட்டம் தளர்ந்தது.

நம் நாட்டில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று 377-ஆம் பிரிவின் கடுமையைக் குறைத்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றோருள் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன என்பதை மறைத்தலாகாது. 2013 டிசம்பர் 11 அன்று அவர்கள் தரப்பு வென்றது. அப்போது மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், கத்தோலிக்கத் திருச்சபை இவர்களை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். ஒருபாலார் திருமணத்தை ஏற்காதவர் அவர். ராம்சேயைப் போலவே அவரும் பாவத்தையும் குற்றத்தையும் வேறுபடுத்தினார். ஐவர் கொண்ட அரசியலமைப்பு அமர்வு இறுதியாக அப்பிடியைத் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6 அன்று.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அத்தீர்ப்பு வந்த வாரத்தில் இல்லம் தேடி வந்து, "சார், இனி என்னைப் போலீஸ் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் எங்கே உட்காருவது?" என்றார். அவ்வினாவுக்கு நீதிமன்றம் விடைகூற இயலாது. கர்தினாலின் சொல்லும் அதுவரை எட்டவில்லை.

எட்ட முயன்றவர்கள் உண்டு. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றம் எச்.ஐ.வி. நோயாளர்க்குத் தொண்டு செய்யப் புகுந்தபோது, திருச்சபையால் ஒதுக்கப்பட்ட இம்மக்களை நேரிற் சந்தித்தது. ஏட்டில் கற்ற பாடத்தைக் காட்டிலும் அச்சந்திப்பே அவர்களை மாற்றியது என்பது என் கருத்து. சென்னைக் கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சக்கரியா, சகிப்பதும் ஏற்பதும் ஒன்றல்ல என்ற நோக்கில் எழுதிய இறையியலாருள் ஒருவர். 2017-இல் தேசிய மன்றத்தின் முயற்சியால், பாலியலையும் பாலின வேறுபாடுகளையும் குறித்துத் திருச்சபைகளுக்கான கைந்நூல் ஒன்றும் வெளிவந்தது.

ஆலயத்தில் யார் எங்கே அமர்வது என்பது தமிழ்க் கிறிஸ்தவர்க்குப் புதிய வழக்கன்று. தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிக்கொரு பக்கம் அமர்ந்திருந்த காலத்தில், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் அவ்வேறுபாட்டை அறவே ஒழிக்க ஆணையிட்டார். குடும்பம் குடும்பமாகச் சபையை விட்டு நீங்கினர். வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும்புலவரே பழைய வழக்கத்துக்காக எழுதியவர். சாதியும் இதுவும் ஒன்றென்று நான் கூறவில்லை. அன்றும் இரு தரப்பாரும் வேதத்தையே ஆதாரமாகக் காட்டினர்.

திருநங்கையர் நிலை இதனின்றும் வேறானது, ஆயினும் அருகிலுள்ளது. செங்கல்பட்டை அடுத்த நத்தம் சிற்றூரில் இறையியல் பயின்ற திருநங்கையொருவர் சிறு சபை ஒன்றின் போதகரானார். ஊரார் அவர் முன் அமர்ந்து பிரசங்கம் கேட்டனர்.

2023 டிசம்பர் 18 அன்று, ஒருபால் இணையர்க்கும் குருவானவர் ஆசி வழங்கலாம், ஆனால் அது திருமணச் சடங்கை ஒத்திருத்தலாகாது என்று போப் பிரான்சிஸ் அவர்களின் ஒப்புதலோடு உரோமையிலிருந்து அறிக்கை வந்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் சில வாரங்களுக்குள்ளேயே தங்களால் அதனை நடைமுறைப்படுத்த இயலாதென்று எழுதினர்.