எழுவானும் படுவானும்: ஒரு சீனச் சதுரங்கப் பலகைக்கு விளக்கவுரை

சீனர்கள் ஆடும் சதுரங்கத்துக்குச் சியாங்சி என்று பெயர். அதன் பெட்டி மட்டக்களப்புக் கடைகளில் என் கண்ணில் பட்டதில்லை. அது பெரிய குறையுமல்ல. நமக்குப் பழகிய சதுரங்கத்துக்குக் குதிரைத் தலை கடைய வேண்டும், கோட்டைக்குப் பல் வெட்ட வேண்டும். சீனச் சதுரங்கத்தின் காயோ வெறும் வட்டம், அதன்மேல் ஓர் எழுத்து. அடிமட்டமும் பொறுமையும் உள்ள எவரும் வீட்டிலேயே செய்துவிடலாம். அப்படிச் செய்ய விரும்பிய அயல்பிள்ளைகளுக்கு எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். சூத்திரம்போலச் சுருக்கிவிட்டதால் வரிக்கு வரி கேள்வி வந்தது. ஆகவே பழைய உரைகாரர் வழியில் இந்த விரிவு. நூலாசிரியனும் உரையாசிரியனும் ஒருவனே என்பதால், நூலில் குறை சொன்னால் சண்டைக்கு வர ஆளில்லை.

1. கட்டம் எட்டுக்கு ஒன்பது. காய் நிற்பது கோடு கூடும் இடம்.

அகலத்தில் 8 கட்டம், நீளத்தில் 9. கோடுகளை எண்ணினால் நெடுங்கோடு 9, குறுக்குக்கோடு 10. அவை சந்திக்கும் புள்ளிகள் 90. அந்தப் புள்ளிகளே காய்களின் வீடு. கட்டத்தின் உட்புறத்தில் எந்தக் காயும் நிற்பதில்லை. செஸ் மட்டும் ஆடியவருக்கு இது முதலில் கண்ணைக் குழப்பும். ஆடு புலி ஆட்டத்தை நிலத்தில் கரிக்கட்டியால் கீறி ஆடிய பிள்ளைக்கு ஒன்றும் புதிதில்லை. புலியும் ஆடும் கோடு சந்திக்கும் இடத்தில்தானே நிற்கின்றன. ஐரோப்பா வழியாக வந்த சதுரங்கத்தைவிட இந்தச் சீன ஆட்டம் நம் திண்ணைக்குக் கிட்ட இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அளவைக் காயிலிருந்து தொடங்க வேண்டும். கரம் காய்களையே எடுத்துக்கொண்டால் ஒன்றின் விட்டம் 3 செ.மீ.க்குச் சற்றுக் கூட. அதற்குக் கட்டம் 4 செ.மீ. இருந்தால் பக்கத்துக் காய்கள் முட்டாது, விரல் நுழைய இடமும் இருக்கும். அப்படியானால் சட்டகம் 32க்கு 36. ஓரக்கோட்டில் நிற்கும் காயின் பாதி வெளியே தள்ளி நிற்கும் என்பதால் சுற்றிலும் 3 செ.மீ. விளிம்பு விட வேண்டும். வெட்டவேண்டிய பலகை 38க்கு 42. விளிம்பை மறந்தவரின் தேர் நாலும் பலகையிலிருந்து விழுந்துகொண்டேயிருக்கும்.

முதலில் வெளிச்சட்டகத்தை மட்டும் பென்சிலால் கீறி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்கவும். இரண்டும் 48 செ.மீ.க்குச் சற்றுக் கூட, ஒரே அளவாக வந்தால் சட்டகம் நேர். ஒன்று கூடி மற்றது குறைந்தால் மூலைமட்டத்தை எடுத்துத் திருத்திவிட்டே மேலே போகவேண்டும். பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் 4 செ.மீ.க்கு ஒரு புள்ளியிட்டு இணைக்கவும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசிக் கட்டம் ஒடுங்கிப் போகும்.

கடதாசிப் பலகையைக் கச்சான் காற்று தூக்கிக்கொண்டு போகும். காட்போட் மட்டை மாரி ஈரத்தில் வளையும். மெல்லிய பிளைவூட்டில் கீறி, மேலே வார்னிஷ் பூசுவது நல்லது.

2. நடுவில் ஓர் ஆறு. ஓரக்கோடு இரண்டு மட்டும் அதைக் கடக்கும். பெயர் வேண்டியவர் எழுதுக.

ஐந்தாம், ஆறாம் குறுக்குக்கோடுகளுக்கு இடைப்பட்ட வரிசையே ஆறு. நெடுங்கோடுகளில் இரு ஓரத்திலும் உள்ளவை மட்டும் அதனூடே தொடரும். நடுவிலுள்ள ஏழும் கரையில் நின்றுவிடும். கோடு இல்லாததால் காயும் கடக்காது என்று கொள்ளற்க. கோடு இருப்பதாகவே எண்ணிக் கடக்கலாம், அகலமும் ஒரு கட்டந்தான். வெற்றிடமாக விடுவது ஆறு கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே.

சீனப் பலகைகளில் இந்த வெற்றிடத்தில் சூ நாட்டு ஆறு, ஹான் நாட்டு எல்லை என்று இரு பெயர்கள் பொறித்திருக்கும். சின் பேரரசு சரிந்தபின் சூ நாட்டுச் சியாங் யூவும் ஹான் நாட்டு லியூ பாங்கும் கி.மு. 206 முதல் 202 வரை மோதினார்கள். இடையில் ஒரு கால்வாயை எல்லையாக வைத்து நாட்டைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டார்கள். உடன்பாடு நிலைக்கவில்லை, லியூ பாங் வென்று ஹான் பேரரசைத் தொடங்கினார். முறிந்துபோன அந்த எல்லைதான் இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் பலகையின் நடுவே கிடக்கிறது.

நம் பலகையில் என்ன எழுதுவது? மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவருக்கு விடை நாக்கு நுனியில் இருக்கிறது: ஒருபக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமன்வெளியிலிருந்து மண்டூருக்கும் 'பாதை' என்னும் மிதவையில் ஏறிப் போகிறவர்கள் தினமும் இந்தப் பலகையின் மேல்தான் நகர்கிறார்கள். 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையிலும் அதுதான் நிலை.

ஆனாலும் நூலில் நான் அந்தப் பெயர்களை எழுதவில்லை. 'வேண்டியவர் எழுதுக' என்று நழுவினேன். 2007 வரை அந்தத் தண்ணீர் உண்மையிலேயே இரு படைகளுக்கு நடுவில் கிடந்தது. படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில், எழுவான்கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டில். துறையடியிலும் பாலத்தடியிலும் சோதனைக்கு நின்ற பெரியவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கண்முன்னே அந்தப் பெயரிட்ட ஆற்றைத் தாண்டி ஒரு பிள்ளை காலாளை நகர்த்துவது விளையாட்டாகவே தெரியுமா என்பதை அந்தந்த வீடு தீர்மானிக்கட்டும். வேறு பெயர் வேண்டுமென்றால், கொம்புமுறி விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரியும் வடசேரி, தென்சேரி இருக்கவே இருக்கின்றன. அந்தப் பிரிவு ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடும்.

3. இரு தலையிலும் நடுவே கோட்டை. உள்ளே குறுக்காக இரு கோடு. பதினான்கு புள்ளிக்குக் குறியிடுக.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி மூன்று குறுக்குக்கோடுகள் நடு மூன்று நெடுங்கோடுகளைச் சந்திக்கும் 9 புள்ளிகள் கோட்டை. மூலைக்கு மூலை இரண்டு கோடு கீறினால் தெரிந்துவிடும். அரசரும் இரு மந்திரிகளும் இதைவிட்டு வெளியேறுவதில்லை. அரசர் நேராக ஒரு புள்ளி, மந்திரி குறுக்குக்கோட்டில் ஒரு புள்ளி.

பதினான்கு குறி என்றது, பீரங்கிக்கு 4, காலாளுக்கு 10. மூன்றாம் குறுக்குக்கோட்டில் ஓரத்திலிருந்து இரண்டாவது புள்ளிகள் பீரங்கிக்கு; நான்காம் கோட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து புள்ளிகள் காலாளுக்கு. கடைசிக்கோட்டில் ஓரத்திலிருந்து தேர், குதிரை, யானை, மந்திரி, நடுவில் அரசர், மறுபாதியும் அப்படியே.

4. காய் முப்பத்திரண்டு, எல்லாம் ஒரே அளவு.

பக்கத்துக்கு 16: அரசர் 1, மந்திரி 2, யானை 2, குதிரை 2, தேர் 2, பீரங்கி 2, காலாள் 5. அரசருக்குப் பெரிய வட்டம் வெட்டுவார் உண்டு. அது அழகு, விதியல்ல.

கரம் காய் ஒரு பெட்டியில் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஆகவே பழைய பெட்டி இரண்டு வேண்டும். இரு நிறமும் அதிலேயே இருப்பதால் வேலை பாதி முடிந்த மாதிரி. மரத்தில் வெட்ட விரும்பினால் பூவரசங் கொம்பு நல்லது, ஆனால் பச்சையாக வெட்டிக் கச்சானில் காயவைத்தால் வட்டம் நடுவிலிருந்து ஓரம்வரை வெடிக்கும். நிழலில் மெதுவாகக் காயவேண்டும். சிரட்டை பார்வைக்கு நன்று, ஆனால் வளைவு போகாது. வைத்த இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். வாவியோரத்தில் கைக்கு எட்டுகிறதே என்று கண்டல் கம்பை வெட்டப் போகாதீர்கள். சட்டத் தடை ஒருபுறம். அங்கே நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

5. எழுத்து சீனம் பெரிது, தமிழ் சிறிது, இரண்டும் ஒரே முகத்தில். பீரங்கிக்கு மட்டும் முதலெழுத்து விலக்கு.

முதலில் விலக்கைத் தீர்த்துவிடுவோம். காரணம் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த ஓரெழுத்தைக் காயில் எழுதிவைத்தால் அன்றைக்கு ஆட்டம் நடக்காது, சிரிப்புத்தான் நடக்கும். வெடி என்று கொண்டு 'வெ' எழுதுக. மற்றவை அ, ம, யா, கு, தே, கா.

தமிழ் மட்டும் போதாதா என்றால், வீட்டுக்குள் ஆடுவதற்குப் போதும். ஆனால் சீன எழுத்தைக் கண்டு பழகிய பிள்ளை நாளைக்குச் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ ஒரு கோப்பிக்கடை மேசையில் உட்கார்ந்து ஆடலாம். அரசர், மந்திரி, யானை, காலாள் நான்குக்கும் சிவப்புப் பக்கம் (கரம் காயில் வெள்ளை) ஓர் எழுத்து, கறுப்புப் பக்கம் வேறோர் எழுத்து என்பதைப் பார்த்து எழுதவும். ஒரு முகத்தில் தமிழ், மறுமுகத்தில் சீனம் என்று வைத்தால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல யோசனைதான். ஆனால் காய்களைக் கவிழ்த்துவைத்து அரைப்பலகையில் ஆடும் ஆட்டமொன்றும் உண்டு, அதற்குப் பின்முகம் வெறுமையாக இருக்கவேண்டும்.

இரு எழுத்தும் ஓரிடத்தில் நிற்பது புதுமையுமல்ல. காலியில் 1911இல் கண்டெடுத்து இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கும் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ளன. 1409ஆம் ஆண்டைக் குறித்து, கடலோடி செங் ஹே நட்டது. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழும் சீனமும் கொண்ட 1281ஆம் ஆண்டுச் சிவன்கோயில் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே சுவான்சோ விரிகுடாச் சேற்றிலிருந்து 1974இல் தோண்டியெடுத்த சொங் காலக் கப்பலில் வேறு பல சாமான்களோடு மரத்தாலான சியாங்சிக் காய்களும் இருந்தன. கப்பல் 13ஆம் நூற்றாண்டினது, கல்வெட்டும் அந்த நூற்றாண்டினது. அந்தத் துறைமுகத்துத் தமிழ் வணிகர் யாரும் இந்த ஆட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை என்று நம்ப எனக்கு மனமில்லை.

6. யானை ஆறு கடவாது; காலாள் கடந்தால் திரும்பாது.

இது ஆடும் விதி, செய்முறைக் குறிப்பில் ஏன் என்றால், ஆறு எதற்காகக் கீறப்படுகிறது என்று தெரியாதவர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார். யானை குறுக்காக இரண்டு புள்ளி போகும். நடுப்புள்ளியில் ஏதேனும் காய் நின்றால் போகமுடியாது. தன் கரையில் அதற்கு மொத்தம் 7 புள்ளிகளே. வெல்லாவெளிப் பக்கத்து வயல்காரர் இந்த விதியைக் கேட்டால் சிரிப்பார். அவர் அறிந்த யானை நன்றாக நீந்தும், விளைந்த வேளாண்மைக்குள் இறங்க யாரிடமும் உத்தரவு கேட்காது. நடுப்புள்ளியில் ஒரு காயை வைத்து மறித்துவிடலாம் என்பதை மட்டும் யானைவேலிக்காரர் ஒப்புக்கொள்ளலாம்.

காலாள் தன் கரையில் முன்னால் மட்டும் ஓரடி. ஆறு கடந்தபின் பக்கவாட்டிலும் போகலாம். பின்னால் ஒருபோதும் இல்லை, கடைசிக்கோட்டை எட்டினாலும் வேறு காயாக மாறுவதும் இல்லை.

7. பீரங்கி நடுவில் ஒன்றிருந்தால் அடிக்கும். அரசர் நடுவில் ஒன்றுமில்லாமல் நில்லார்.

இரண்டு விதியையும் ஒரே வரியில் கட்டியது வேண்டுமென்றே. பீரங்கி நகரும்போது தேரைப் போல நேராக எவ்வளவு தூரமும் போகும். வெட்டவேண்டுமானால் இலக்குக்கும் தனக்கும் நடுவே சரியாக ஒரு காய் நிற்கவேண்டும், தன் காயோ எதிரியின் காயோ. ஆகவே பீரங்கிக்கு முன்னால் நிற்கும் காலாளை அகற்றுவதே சிலவேளை நல்ல தற்காப்பு. காய்கள் குறையக் குறைய அதன் பலமும் குறையும்.

அரசர் இருவரும் ஒரே நெடுங்கோட்டில், நடுவில் காயின்றி எதிரெதிரே நிற்கக் கூடாது. அப்படித் திறந்துவிடும் நகர்வு செல்லாது. இதனால் கோட்டைக்குள் அடைந்திருக்கும் கிழ அரசரும் இறுதி ஆட்டத்தில் ஒரு முழுக்கோட்டை ஆள்வார். நகர வழியில்லாமல் அடைபட்டவர் செஸ்ஸில் சமன் வாங்கித் தப்புவார், இங்கே தோற்பார்.

8. காய் தொலைந்தால் சோடா மூடி.

'தாம்' என்னும் ஆட்டத்துக்குச் சோடா மூடி பொறுக்கியவர்களுக்கு உரை வேண்டியதில்லை. கவராயத்தால் 2.5 செ.மீ. கடதாசி வட்டம் வெட்டி, எழுத்தை எழுதி ஒட்டுக. இரண்டு கரம் பெட்டி வாங்கியவருக்கு அதுவும் தேவையில்லை: வெள்ளையில் 2, கறுப்பில் 2 மிஞ்சும். சிவப்பு இரண்டும் எந்தப் பக்கத்துக்கும் சேராது.