பிரக்கிராசி வாசலிலிருந்து சங்கக் காரியாலயத்துக்கு: ஊவாத் தோட்டங்களில் சட்டத் துணை வளர்ந்த வழி

இலங்கையில் சட்டத்தொழில் வளர்ந்த விதத்தை எழுதுவோர் பெரும்பாலும் கொழும்பை வைத்தே எழுதுகின்றனர். 1841இல் தோன்றிய எப்.ஜே. அன்ட் ஜீ. டி சேரம், 1879இல் தோன்றிய ஜூலியஸ் அன்ட் கிரீசி ஆகிய நிறுவனங்களில் ஒரே பெயரின் கீழ் பல சட்டவல்லுநர்கள் சேர்ந்து இயங்கினர். ஒருவர் ஓய்வுபெற்றாலும் மறைந்தாலும் கட்சிக்காரரின் கோப்பு அங்கேயே இருந்தது. ஊவா மாகாணத்துப் பதுளையில் அந்த அளவிலான சட்ட நிறுவனம் வேர்விடவில்லை. ஒரு மேசை, ஓர் எழுதுவினைஞர், வாசலில் ஒரு பெயர்ப்பலகை என்ற தனியாள் தொழிலே அங்கு நெடுங்காலம் நிலைத்தது. இதை வைத்து, தனியாள் தொழிலிலிருந்து நிறுவனத்துக்கு மாறும் போக்கு மலையகத்தை எட்டவே இல்லை என்று முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த மாற்றம் ஊவாவிலும் நடந்தது; ஆனால் அது நடந்த இடம் தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயம். தனி வழக்கறிஞரால் தரமுடியாத மூன்றை ஒரு சட்ட நிறுவனம் தருகிறது: ஆள் மாறினாலும் அழியாத ஆவண நினைவு, நீண்ட வழக்கைத் தாங்கும் பணபலம், ஒரே துறையில் திரும்பத் திரும்ப உழைப்பதால் வரும் தேர்ச்சி. இம்மூன்றும் தோட்டத் தொழிலாளிக்கு எங்கிருந்து கிடைத்தன என்று தேடினால் வரலாறு வேறுவிதமாகத் தெரியும்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற கட்சிக்காரர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளி நீதிமன்றத்தை அறிந்தது குற்றஞ்சாட்டப்பட்டவராகவே. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மூன்று மாதம் வரை மறியல் விதிக்க அது இடமளித்தது. அதன்மேல் துண்டு முறை ஏறி நின்றது. பெரிய கங்காணிக்குத் தொழிலாளி பட்ட கடனை எழுதி, அத்தொகையைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் துரை ஒப்பமிடும் தாளே துண்டு. அது கையில் இல்லாமல் பசறையில் இருந்து பண்டாரவளைக்குக்கூட வேலை மாற முடியாது. இந்த நிலையில் பிரக்கிராசி எனப்பட்ட வழக்கறிஞர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், தண்டனையைக் குறைக்கும்படி கேட்பதற்கு மேல் அவரால் செய்யக்கூடியது சொற்பமே. தோட்டத்தை விட்டுப் போனது உண்மை. அது குற்றம் என்று சட்டம் சொன்னதும் உண்மை. வழக்கை வெல்வதற்கு முதலில் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. அது ஒரு கட்சிக்காரருக்காக ஒரு வழக்கறிஞர் ஒரு நாளில் செய்து முடிக்கும் வேலையும் அல்ல.

இதை முதலில் உணர்ந்தவர்கள் சட்டம் படித்தவர்களே என்பது கவனத்துக்குரியது. 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் நீதிபதியாகப் பணியாற்றியவர்; அவருடன் உழைத்த பெரி. சுந்தரம் நீதிமன்றத்தில் வாதாடும் தகுதி பெற்றவர். அவர்கள் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவதோடு நிற்காமல், அமைப்பு ஒன்றின் பெயரால் தண்டனைப் பிரிவுகளையே எதிர்த்தனர். 1921, 1922ஆம் ஆண்டுகளில் துண்டு முறையும் தண்டனைப் பிரிவுகளும் நீங்கியதற்கு இந்திய அரசின் அழுத்தம் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் தனி வாதத்திலிருந்து அமைப்பு வழியான வாதத்துக்கு எடுத்துவைத்த முதல் அடியை அந்தச் சங்கத்திலேயே காண்கிறோம். பெரி. சுந்தரம் 1931இல் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார்.

வேவெசையும் விண்ணப்பப் படிவமும்

1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், 1934இன் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம், 1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் என உரிமைகள் அச்சில் ஏறின. அவற்றை லயத்துக்குக் கொண்டுசெல்ல ஆள் தேவைப்பட்டது. 1939–40இல் மலையகமெங்கும் பரவிய வேலைநிறுத்த அலை ஊவாவில் உச்சம் கண்டது. பதுளைக்கு அருகே வேவெசை தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர்; அக்குழுவுடன் கலந்தாலோசித்துச் செயற்படத் துரையும் இணங்கினார். பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை வெளியுலகிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அந்த எழுச்சியை ஒடுக்கின. வேவெசையின் பாடம் இரண்டு பக்கமும் உள்ளது. தொழிலாளர் ஒன்றுகூடினால் துரையை மேசைக்கு இழுக்க முடியும் என்பது ஒன்று. மேசையில் ஒப்பிய சொல்லைக் காக்கச் சட்டப் பிடிமானம் இல்லையென்றால் அது ஒரு மாதமும் நிலைக்காது என்பது மற்றொன்று. 1940 ஜூலையில் தோட்டத்துரைமார் சங்கத்துடன் ஏற்பட்ட ஏழு அம்ச உடன்பாடு, பிணக்குகளைப் பேசித் தீர்க்க ஓர் ஒழுங்கை வகுத்ததன் பின்னணி இதுவே.

சங்கக் காரியாலயத்தைச் சட்டக் காரியாலயமாக மாற்றிய நிகழ்வு பிரஜாவுரிமைப் பறிப்பு. 1947 பொதுத் தேர்தலில், தொழிற்சங்கமாகவும் இயங்கிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற ஏழு இடங்களில் பதுளையும் ஒன்று, எஸ்.எம். சுப்பையா அங்கிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். முதலில் சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரஸ் பின்னர் விண்ணப்பப் பணியில் இறங்கியது. 1951 ஓகஸ்ட் கெடு முடிந்தபோது ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கிய 237,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. இறுதியில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் இன்னொரு பெயர், லயத்தில் அழைக்கும் பெயர் வேறு என்றிருந்த மக்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று பொருத்துவது எவ்வளவு பெரிய உழைப்பு! நகரத்தில் மேசை போட்டிருந்த எந்தத் தனிப் பிரக்கிராசியும் அதைச் சுமந்திருக்க முடியாது. வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கு 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலில் தோற்றது உண்மை. ஆனால் அத்தனை தூரம் ஒரு வழக்கைக் கொண்டுசெல்லவும், தோற்ற பிறகும் மிஞ்சிய கோப்புகளைக் காத்து மறுபடி வாதிடவும் ஓர் அமைப்பால்தான் முடிந்தது.

தொழில் நியாயசபை திறந்த கதவு

1950இன் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும், அதற்கு 1957இல் கொண்டுவந்த 62ஆம் இலக்கத் திருத்தமும் இந்த மாற்றத்துக்குச் சட்டபூர்வ வடிவம் தந்தன. திருத்தம் தொழில் நியாயசபைகளை உருவாக்கியது. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி தானே விண்ணப்பிக்கலாம். அவர் அங்கத்துவம் பெற்ற சங்கமும் அவருக்காக விண்ணப்பிக்கலாம். சங்க உத்தியோகத்தர் சட்டத்தரணியாக இல்லாமலே அங்கு தோன்றிப் பேசலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீதியும் நியாயமுமான கட்டளையைச் சபை பிறப்பிக்கலாம். மறியலுக்கு அனுப்பும் மன்றை மட்டுமே அறிந்திருந்த ஒரு சமூகத்துக்கு, வேலையைத் திருப்பித் தரக்கூடிய ஒரு மன்று கிடைத்தது.

இதன் நடைமுறையில் ஒரு நிறுவனத்தின் அடுக்குகள் எல்லாம் தெரிகின்றன. பிரட்டுக்களத்தில் எழும் முறைப்பாட்டைத் தோட்டத் தலைவர் முதலில் துரையிடம் கொண்டுபோகிறார். அங்கு தீராவிட்டால் மாவட்டப் பிரதிநிதியிடம் போகிறது. அவர் கடிதம் எழுதி, தொழில் திணைக்களத்தில் பேசி, ஆகாதபோது நியாயசபைக்கு விண்ணப்பம் தயாரிக்கிறார். சட்ட நுணுக்கம் கூடிய விடயமானால் சங்கம் நகரத்துச் சட்டத்தரணி ஒருவரை அமர்த்துகிறது. இவ்விதம் தனியாள் தொழில் செய்த சட்டத்தரணியும் ஓர் அமைப்பின் தொடர்ச்சியான பணிக்குள் வந்தார். எதிர்த்தரப்பு இதற்கு முன்பே அமைப்பாகியிருந்தது: தோட்டத்துரைமார் சங்கம் 1854இலும் இலங்கை முதலாளிமார் சம்மேளனம் 1929இலும் தோன்றிவிட்டன. தன் கோப்புகளையும் முன்தீர்ப்புகளையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் சம்மேளனத்துக்கு முன்னால், அன்று காலையில்தான் கட்சிக்காரரைக் கண்ட தனி வழக்கறிஞர் நிற்பது சமமான போட்டியாகாது. சங்கம் அந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தது. 1960களில் நியாயசபைத் தலைவர்களின் நியமனமே செல்லுபடியாகாது என்று உயர் நீதிமன்றம் கூறியபோது, பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1967இல் அதை மாற்றியமைத்த வழக்கில் மனுதாரராக நின்றது ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம். பதுளைத் தேயிலைத் தொழிலாளியின் நியாயசபையும் அந்தத் தீர்ப்பால்தான் நிலைத்தது.

எழக்கூடிய மறுப்புகள்

சங்கப் பிரதிநிதி சட்டத்தரணி அல்லர், ஆகவே இதைச் சட்டத்தொழிலின் வளர்ச்சி என்பது பொருந்தாது என ஒருவர் சொல்லலாம். பட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் அது சரி. ஆனால் தொழிலின் வரலாறு பட்டங்களின் வரலாறு மட்டுமல்ல. பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவையே 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் நீக்கி, இருவரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. காலத்துக்குக் காலம் மாறும் தகுதிப் பெயர்களை விட, கட்சிக்காரரின் பக்கம் நின்று வாதிடும் பணியை யார், எந்த ஒழுங்கில் செய்தார் என்பதே அடிப்படையான கேள்வி.

இரண்டாவது மறுப்பு கனமானது. சங்கம் சந்தாவுக்குத் துணை செய்தது. சந்தா வேறு சங்கத்துக்குப் போனால் கோப்பு அப்படியே கிடந்தது. சங்கங்கள் அரசியற் கட்சிகளாகவும் இருந்ததால், ஒரு தொழிலாளியின் வழக்கு தலைமையின் பேரத்தில் ஒதுங்கிப்போகும் ஆபத்து எப்போதும் இருந்தது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். தனி வழக்கறிஞருக்கு ஒரே எசமான், அவருடைய கட்சிக்காரர். சங்கம் அமர்த்திய வழக்கறிஞருக்கு இரண்டு பேர். நிறுவனத்தில் சேரும் எந்தச் சட்டத்தரணியும், அது கொழும்பின் வணிகச் சட்ட நிறுவனமாக இருந்தாலும், இந்த நெருக்கடியைச் சந்திக்கிறார். எனினும் இது நிறுவனம் யாருக்குப் பொறுப்புச் சொல்கிறது என்ற குறை. தனி மேசைக்குத் திரும்புவதால் அது தீராது. தனி மேசையின் சுதந்திரம் கட்டணம் செலுத்த முடிந்தவருக்கே பயன்பட்டது, நாட்கூலிக்குக் கொழுந்து பறித்தவருக்கு அதன் வாசலே எட்டவில்லை.

சட்டம் மாறியதே காரணம், அமைப்புக்குப் பங்கில்லை என்போருக்கு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் விடை தருகிறது. நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் பதினான்கு நாட் சம்பளம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் எத்தனை ஆண்டு என்பதைச் செக்ரோல் சொல்ல வேண்டும். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பின்னர், பழைய ஏடுகளைத் தேடியெடுத்துக் கணக்குச் சொல்வது யார்? சட்டம் தந்த சேவைக்காலப் பணத்தைக் கையில் வாங்கித் தந்தது ஆவண நினைவுள்ள அமைப்பே.

இன்றைய வெற்றிடம்

இந்த ஏற்பாடு இப்போது தளர்ந்துவருகிறது. கூட்டு ஒப்பந்தத்தின் வழி சம்பளம் பேசும் முறை 2021இல் முறிந்து, நாட்சம்பளம் 1,000 ரூபாவாகச் சம்பளச் சபையால் நிர்ணயமானது. லயத்தில் வசித்தாலும் ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக் கடைகளுக்கும் வேலைக்குப் போகும் தலைமுறைக்குச் சந்தாவும் இல்லை, சங்கக் கோப்பும் இல்லை. அவர்களின் சட்டத் தேவையும் மாறிவிட்டது: காணி உறுதி, வீட்டுரிமை, ஆள் அடையாள ஆவணம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது, உயிர்களோடு வீடுகளில் இருந்த ஆவணங்களும் மண்ணுக்குள் போயின. தப்பியவர் தம்மை நிரூபிக்க மறுபடியும் படிவங்களின் முன் நின்றனர். மேலும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களமே. பதுளையில் தமிழில் பேசும் கட்சிக்காரர் மொழிபெயர்ப்பாளரை நம்பியே நிற்கிறார். 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் நியாயசபை மேன்முறையீடுகள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு வந்து, கொழும்புப் பயணம் குறைந்தது பெரும் உதவியே. ஆனால் அருகில் வந்த மன்றில் பேச ஆள் வேண்டும்.

ஆகவே இந்த வரலாறு ஒரு கடமையைச் சுட்டுகிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை அடுத்த கட்ட நிறுவனமாக வளர வேண்டும். இரு மொழியும் அறிந்த, சம்பளம் பெறும், நிரந்தரச் சட்டத்தரணிகளைத் தோட்டப் பிரிவுகளுக்கு அது அனுப்ப வேண்டும்; சந்தாவையும் கட்சியையும் கேளாமல் கோப்புத் திறக்க வேண்டும். தோட்டக் குடும்பங்களிலிருந்து சட்டம் படித்து வருவோர் முன்னால், நகரத்தில் சொந்தப் பெயர்ப்பலகை போடுவதா, நிறுவனத்தில் சேர்வதா என்ற கேள்வி நிற்கிறது. சொந்தப் பலகையில் பெருமை உண்டு, அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் துண்டுக் காலம் முதல் இன்றுவரை ஊவாத் தொழிலாளியைக் காத்தது, கேட்டவர் போன பின்னும் அலுமாரியில் காத்திருந்து, அடுத்தவர் எடுத்துப் பேசக்கூடியதாக இருந்த கோப்பே. அந்த அலுமாரியைச் சங்கம் ஒரு காலத்தில் தன் அங்கத்தவருக்காகத் திறந்து வைத்தது. இனி அதை எல்லோருக்குமாகத் திறப்பது பொதுப் பொறுப்பு.