பழைய படமும் புதிய கருவியும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிழக்கே, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுவீதியிலே அமைந்த பழம்பதி முள்ளியவளை. வைகாசி மாதத்திற் கடல்நீரெடுத்து வந்து காட்டா விநாயகர் கோவிலில் விளக்கேற்றி, பின்னர் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் செல்லும் மரபினால் அவ்வூரின் பெயரை ஈழத்துத் தமிழர் பலரும் அறிவர். அவ்வூரிலும் அயலிலும் உள்ள வீடுகளிற் புகுந்து சுவரை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் சேர்த்து ஒரே ஒரு படம் தொங்குகின்ற வீடுகள் அங்கே உண்டு. அப்படமும் பெரும்பாலும் முழுமையானதன்று. ஓரம் நீரிற் கரைந்திருக்கும்; முகத்தின் குறுக்கே மடிப்பு ஓடியிருக்கும்; கறையான் ஒரு மூலையைத் தின்றிருக்கும்.

இதற்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முள்ளியவளையை அடுத்த நீராவிப்பிட்டி மக்களும் வீட்டையும் வீட்டிலிருந்தவற்றையும் விட்டுச் சென்றனர். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008 இன் இறுதியில் முள்ளியவளை மக்கள் ஊரைவிட்டு நீங்கி, 2009 மே வரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடமாக ஓடினர். உரப்பையிலும் பொலித்தீன் உறையிலும் சுற்றி எடுத்துச் சென்ற படங்களிற் சில பங்கர்களிலே நனைந்தன. மண்ணிற் புதைத்துச் சென்றவை பூஞ்சணம் பிடித்தன. மீண்டு வந்தவர்களிற் பலரிடம் எஞ்சியது தேசிய அடையாள அட்டையிலே ஒட்டிய சிறுபடமேயாகும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 மார்ச் 8 ஆந் திகதி முல்லைத்தீவிலே தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார் நெஞ்சோடு அணைத்திருந்த படங்களுள்ளும் இத்தகைய எஞ்சிய படங்கள் உண்டு.

ஆகவே, அவ்வூர் இளைஞன் ஒருவன் அல்லது ஆசிரியை ஒருவர் கணினியின் முன் அமர்ந்து, ‘படம் திருத்தும் மென்பொருள்களுள் எதனைக் கற்றுக்கொள்வது?’ என்று வினவும்போது அது பொழுதுபோக்காளரின் வினா அன்று. திருத்துகின்ற கை தவறினால் இழக்கப்படுவது ஒரு முகம். அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, படத்திருத்தத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது பயன்தரும்.

நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. திருத்தம் அதற்கு ஏறக்குறைய ஒத்த வயதினது என்றே சொல்ல வேண்டும். மியூனிக் நகரத்து ஹான்ஸ்டெங்கல் என்பவர் 1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே, திருத்தப்பட்ட நெகற்றிவ் ஒன்றிலிருந்து பெற்ற படத்தையும் திருத்தாததையும் அருகருகே வைத்துக் காட்டினார் என்பர். இரண்டு ஆண்டுகளின் பின் இங்கிலாந்தில் ஒஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவ்களைப் பொருத்தி ஒரே படமாக்கினார். விக்ரோறியா மகாராணியார் அதன் பிரதியொன்றை வாங்கினார். ‘இது ஏமாற்று’ என்று குறைகூறினோரும் இருந்தனர். அன்று எழுந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

இலங்கையோடு தொடர்புடைய ஒருவர் இவ்வாதத்தில் மறுபக்கம் நின்றார். யூலியா மார்கரட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே காலமானவர். அவருடைய கண்ணாடித் தட்டுகளிற் கறையும் கீறலும் மலிந்திருந்தன. அவற்றைக் கண்டு விமர்சகர் நகைத்தனர். அம்மையாரோ பலவற்றை அவ்வாறே விட்டுவிட்டார். கீறலோடு கூடிய அவருடைய முகப்படங்கள் இன்று உலகின் பெரிய அரும்பொருளகங்களிற் பேணப்படுகின்றன. எல்லாக் கீறலும் நீக்கத்தக்கதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் ஸ்ரூடியோ நடத்துவோர் அவ்வாறு இருக்க இயலாது. காசு கொடுப்பவர் அழகை எதிர்பார்ப்பார். ஸ்ரூடியோக்களின் பின்னறையிலே சாய்வான ஒரு மேசை இருக்கும். அதன் நடுவில் ஒரு துளை. துளையின் மேல் நெகற்றிவ். கீழிருந்து கண்ணாடியொன்று வெளிச்சத்தைத் தெறித்து மேலே அனுப்பும். நெகற்றிவின் மேல் மெல்லிய வார்னிசு பூசி, ஊசிபோற் கூர்மையாக்கிய பென்சிலால் நுண்ணிய புள்ளிகளை இடுவர். நெகற்றிவிற் கருமை கூடினால் அச்சிலே அவ்விடம் வெளுக்கும். ஆதலால் முகத்துக் கரும்புள்ளியும் கண்ணின் கீழ்ச் சுருக்கமும் மறையும். கருமையைக் குறைக்க வேண்டின் சிறு கத்தியாற் சுரண்டுவர். அச்சிலே தோன்றும் வெண்புள்ளிகளுக்கு மெல்லிய தூரிகையாற் சாயமிடுவர். இத்தொழிலிலே தேர்ந்தவர் கை வித்தகர் கை, ஐயமில்லை. ஆனால் அதில் ஒரு பெருங்குறை உண்டு. கத்தி சுரண்டியது சுரண்டியதே. அடுத்த நாள் மனம் மாறினாலும் பழைய நெகற்றிவ் திரும்பி வாராது.

அக்கருவி அரசியலாரின் கைக்குச் சென்றபோது விளைந்ததையும் இங்கு நினைக்க வேண்டும். மொஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நின்ற யெசோவ் என்ற அதிகாரி, 1940 இற் கொல்லப்பட்ட பின் அப்படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்திலே நீர் மட்டும் ஓடிற்று. எஞ்சிய படத்தைக் காக்கும் அதே தூரிகை, இருந்தவரை இல்லாதவராக்கவும் வல்லது.

கணினியின் கதை ஒரு குழந்தையின் படத்தோடு தொடங்குகின்றது. 1957 இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையத்திற் பணியாற்றிய ரசல் கேர்ஷ் என்பவர், மூன்று மாதமே நிரம்பிய தம் மகனின் படத்தை எண்களாக மாற்றிக் கணினிக்குட் செலுத்தினார். நீளத்தில் 176, அகலத்தில் 176 எனப் புள்ளிகளாலான சிறுபடம் அது. முப்பது ஆண்டுகளின் பின், 1987 இல், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராகிய தோமஸ் நோல், கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே காட்டவல்ல கணினித் திரையிலே சாம்பல் நிறச் சாயல்களைத் தோற்றுவிக்க ஒரு நிரலை எழுதினார். திரைப்படத் தந்திரக்காட்சிகளிற் பணிபுரிந்த அவருடைய சகோதரர் ஜோன் அதன் பயனை உணர்ந்து ஊக்கினார். 1990 பெப்ரவரியில் அடொபி நிறுவனம் அதனைப் போட்டோஷொப் என்ற பெயரில் விற்கத் தொடங்கிற்று. நோல் சகோதரரின் தந்தையார் வீட்டின் நிலக்கீழ் அறையிலே இருட்டறை வைத்திருந்தவர். மகன் தோமஸ் அங்கே படம் கழுவப் பயின்றவர். ஒளியைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் இருட்டறையார் வழங்கிய பெயர்களே இன்றும் அம்மென்பொருளில் வழங்குகின்றன.

1994 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலே அடுக்கு முறை புகுந்தது. பாடசாலையில் தேசப்படத்தின்மேல் மெல்லிய ஒளிபுகு தாளை வைத்து ஆறுகளை வரைந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தாளிலே எவ்வளவு கிறுக்கினாலும் கீழேயுள்ள தேசப்படம் பழுதடையாது. தாளை எடுத்தெறிந்தால் ஆறும் போய்விடும். அவ்வாறே, மூலப்படத்தைத் தொடாமல் அதன்மேல் வைத்த அடுக்கிலே திருத்தத்தைச் செய்யலாம். பின்னறைக் கத்திக்கு இருந்த குறை இவ்வாறு நீங்கிற்று. படத்திருத்த வரலாற்றில் இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை எனலாம். 2002 இல் வந்த பழுதாற்றும் தூரிகை மடிப்பையும் கீறலையும் சுற்றியுள்ள தோலின் சாயலோடு ஒன்றச் செய்தது. ஒரு நாள் வேலை ஒரு மணித்தியாலமாகக் குறைந்தது.

இனித் தெரிவு. 2013 இல் அடொபி நிறுவனம் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைக்கு விற்பதைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறிற்று. பணம் நின்றால் கருவியும் நின்றுவிடும். டொலரைக் கணக்கிட்டு வைத்த விலையை ரூபாயிற் செலுத்துபவர், 2022 இல் இலங்கை ரூபாய் வீழ்ந்த வேகத்தை மறந்திருக்க மாட்டார். கடைகளிலே இறுவட்டில் விற்ற திருட்டுப் பிரதியை நாடுவோரும் உளர். அதனோடு கூடி வரும் வைரசு, ஊராரின் படங்கள் முழுவதையும் ஒரே இரவில் அழித்துவிடக் கூடும். பிறர் நம்பித் தந்த படத்தைக் கையாள்பவன் அத்துணிவைக் கொள்ளலாகாது.

இலவசம் என்ற சொல்லும் தனித்து நின்றால் நம்பத்தக்கதன்று. பிக்காசா என்ற எளிய மென்பொருளைக் கூகிள் நிறுவனம் 2004 இல் வாங்கி இலவசமாக வழங்கிற்று. பழகிய மக்கள் மிகப் பலர். 2016 இல் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. பழகியவர் புதிதாய்த் தொடங்க நேர்ந்தது. கிம்ப் என்ற மென்பொருளின் பிறப்பு வேறு வகையானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்ற இரு மாணவர் 1995 இல் அதனைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் வெளியிட்டனர். அதன் நிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. தொடங்கிய இருவரும் விலகிச் சென்ற பின்னும் தொண்டர்கள் அதனை வளர்த்து, 2025 மார்ச்சில் மூன்றாம் பெரும் பதிப்பை வெளியிட்டனர். அடுக்கு உண்டு, பழுதாற்றும் தூரிகை உண்டு, இணையம் இல்லாத வேளையிலும் இயங்கும். தோற்றம் சற்றுக் கரடுமுரடு. முதல் வாரத்திற் பயில்வோர் சினங்கொள்வர். ஆயினும், பழுதுற்ற குடும்பப் படத்தை நோக்கமாகக் கொண்டவர்க்கு முதற்கருவி அதுவே என்பதில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை.

கணினியே இல்லாதவர் கைத்தொலைபேசியில் ஸ்னாப்சீட் கொண்டு தொடங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. மங்கிய படத்தைத் தெளிவாக்கவும் சிறு கீறலை நீக்கவும் அது போதும். கிழிந்து போன பாதி முகத்துக்குப் போதாது. இணைய இணைப்புச் சீராக உள்ளவர் இவான் குட்ஸ்கிர் என்பவர் 2013 இல் வெளியிட்ட போட்டோபியாவை உலாவியிலேயே பயன்படுத்தலாம். போட்டோஷொப் கோப்புகளையும் அது திறக்கும்.

கருவியைத் தெரிவதற்கு முன்னரே செய்யவேண்டியது ஒன்றுண்டு. படத்தை நன்றாக வருடி எடுத்தல் வேண்டும். அடையாள அட்டைப் படம் போன்ற சிறிய படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். 1200 எனின் இன்னும் நன்று. சட்டகத்துக் கண்ணாடியிலே ஒட்டிக்கொண்ட படத்தை உரித்தெடுக்க முயல்வது பெருந்தவறு. நனைந்த படத்தின் ஜெலற்றின் படலம் கண்ணாடியோடு ஒட்டிவிடும்; உரித்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலும் எஞ்சும். கண்ணாடியோடு சேர்த்தே வருடுவது தக்கது. முதற்கோப்பை ரிஃப் அல்லது பிஎன்ஜி வடிவிற் சேமித்து, அதனை ஒருபோதும் மாற்றாமல் இரண்டு இடங்களிற் காத்துக்கொண்டு, பிரதியிலே மட்டும் வேலை செய்வது முறை. 1992 இலிருந்து வழங்கும் ஜேபெக் வடிவம் இடத்தை மிச்சப்படுத்துவது உண்மையே. ஆனால் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அது நுண்விவரங்களை இழக்கும். அனுப்புவதற்கு உதவுமேயன்றிக் காப்பதற்கு உதவாது.

அண்மைக்காலத்தில் எழுந்த சிக்கல் ஒன்றையும் விட்டுவிடலாகாது. 2023 முதலாகப் போட்டோஷொப்பிலும் பிற கருவிகளிலும், படத்தில் இல்லாத பகுதியைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் வசதி பரவிற்று. அழிந்த முகத்தை நொடிப்பொழுதில் அது தெளிவாக்கித் தரும். அத்தெளிவு எங்கிருந்து வருகின்றது? எங்கோ உள்ள பல்லாயிரம் அந்நிய முகங்களிலிருந்து. சேலைக் கரையை, சுவரை, பின்னணித் தென்னையை அவ்வாறு நிரப்பினாற் பெருங்கேடில்லை. கண்ணையும் வாயையும் நிரப்பினால், பதினைந்து ஆண்டுகளாக மகனை எண்ணிக்கொண்டிருக்கும் தாயின் கையிலே அவர் பெறாத பிள்ளையின் படத்தைக் கொடுத்ததாகும். அவர் அதை உணர்ந்தும் சொல்லாமல் வாங்கிச் செல்லக்கூடும். முறைப்பாட்டோடு இணைக்கும் படமாயின் தீங்கு இன்னும் பெரிது.

2011 இல் யப்பானை ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் கழுவி உலர்த்தி உரியவரிடம் சேர்த்தனர். விளம்பரப் படங்களைத் திருத்தும் தொழில் செய்த பெக்கி மான்சன் என்ற பெண்மணி அங்கே சென்று இப்பணியில் ஈடுபட்டார். உலகெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இணையவழி திருத்த உதவினர். அங்கே கருவியைவிடப் பொறுமையே மிகுதியாகத் தேவைப்பட்டது.

முள்ளியவளையிலும் இப்பணியை ஒரு பாடசாலை அறையில், பழைய கணினி ஒன்றோடும் வருடி ஒன்றோடும் தொடங்குதல் இயலும். பயில்வோர் முதலில் தம் வீட்டுப் படத்தையே எடுத்து, ஒரு மடிப்பை மட்டும் நீக்கிப் பழகுதல் நன்று. அயலாரின் படம் பின்னர் வரட்டும். படத்தைக் கொண்டுவந்தவரை அருகில் இருத்தி, மூக்குத்தி எந்தப் பக்கம், தழும்பு இருந்ததா என்று கேட்டுக்கேட்டுத் திருத்த வேண்டும். முடிந்த படத்தை அச்சிட்டதும், அதன் பின்புறத்திலே மெல்லிய பென்சிலால் நிற்பவர்களின் பெயரையும், எடுத்த ஊரையும், எந்தெந்த இடம் திருத்தப்பட்டது என்பதையும் எழுதி, பழைய படத்தை அதன் உறையிலேயே இட்டு, இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.