திராட்சை மலையும் தேயிலை மலையும்

ஒரு மண்ணில் விளையும் பொருள் அம்மண்ணின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்து செல்லுதல் பழங்காலந்தொட்டு நிகழ்ந்து வருவதே. அங்ஙனம் செல்லும் பொருளின் சிறப்புக்கு மண்ணும் மழையும் காரணம் என்பர். ஆயின், அப்பெயரால் வரும் பயன் யாரைச் சேர்தல் வேண்டும் என்னும் வினா அதனோடு ஒட்டிப் பிறப்பதாகும். பிரான்சு நாட்டின் கீழ்ப்பாகத்திலுள்ள ஆர்புவா என்னுஞ் சிற்றூரின் வெண்ணிறத் திராட்சை மதுவையும், இலங்கை மலைநாட்டில் வட்டவளையைச் சூழ்ந்த மலைகளின் தேயிலையையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இவ்வினாவின் ஆழம் புலப்படும். ஒரே நூற்றாண்டில் பயிர்நோயால் நிலைகுலைந்து, பின் வேறு வேறு வழியில் மீண்ட நிலங்கள் இவை.

ஆர்புவா, சுவிற்சர்லாந்து எல்லையை அடுத்த ஜூரா மலையின் அடிவாரத்தில் உள்ளது. புவியின் வரலாற்றில் ஜுராசிக் காலம் என வழங்கும் பெயர் இம்மலையிலிருந்தே பிறந்தது. சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்பு கலந்த களிமண்ணும் நிறைந்த இச்சரிவுகளில் சவாஞ்ஞான் என்னும் வெண்திராட்சை விளைகின்றது. அதன் சாறு புளித்து மதுவானபின் மரப்பீப்பாய்களில் அடைக்கப்படும். ஆண்டுகள் செல்ல ஒரு பகுதி ஆவியாகிக் குறையும். அக்குறையை நிரப்பாது விட்டுவிடுவர். மதுவின் மேற்பரப்பில் நொதியங்கள் மெல்லிய ஆடைபோற் படர்ந்து அதனைக் காக்கும். ஆறாண்டும் மூன்று திங்களும் கழிந்தபின் பொன்னிறம் பெற்று வெளிவரும் இதனை ‘மஞ்சள் மது’ என அழைப்பர். இது 62 சென்ரிலீற்றர் கொள்ளும் தனிவகைப் புட்டியிலேயே அடைக்கப்படும்.

நொதித்தலின் உண்மையை உலகிற்கு விளக்கிய லூயி பாஸ்டர் வளர்ந்த ஊரும் ஆர்புவாவே. 1822இல் அண்மையிலுள்ள டோல் நகரிற் பிறந்த அவர், தோல் பதனிடுந் தொழிலாளியின் மைந்தர். மது கெடுவதன் காரணங்களை ஆராய்ந்து 1866இல் ஒரு நூல் வெளியிட்டார். 1874இல் ஆர்புவாவுக்கு அண்மையில் ஒரு திராட்சைத் தோட்டத்தை வாங்கினார். 1878இல் அங்குக் கொடிகளைக் கண்ணாடிக் கூடங்களால் மூடி, வெளிநுண்ணுயிர் அணுகாவாறு காத்தார். அவ்வாறு காக்கப்பட்ட பழங்களின் சாறு புளிக்கவில்லை. புளிப்பை உண்டாக்கும் நொதியம் சாற்றினுள்ளே தானாய்த் தோன்றுவதன்று. வெளியிலிருந்து பழத்தோலின்மீது வந்து சேர்வது என்பது இதனால் உறுதியாயிற்று. பனையிலிருந்து இறக்கிய நீர் தானே பொங்கிக் கள்ளாவதையும், சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கின் அது புளியாது கருப்பநீராய் நிற்பதையும் கண்டறிந்த தமிழர்க்கு இவ்வுண்மை விளங்குதல் எளிது.

இருபதாம் நூற்றாண்டில், தெரிந்தெடுத்து வளர்த்த நொதியத்தைச் சாற்றிற் சேர்ப்பதும், கெடாமற் காக்கக் கந்தகவீரொட்சைட்டை மிகுதியாய்க் கலப்பதும் வழக்காயின. இதனால் ஊருக்கூர் வேறுபட்டிருந்த சுவை ஒருதன்மைப்படுகின்றது எனச் சிலர் கவன்றனர். அவருள் பொஷொலே பகுதியைச் சேர்ந்த இரசாயன அறிஞர் ஜூல் ஷோவே குறிப்பிடத்தக்கவர். ஆர்புவாவை அடுத்த புபியான் என்னும் ஊரில் பியேர் ஓவர்நுவா 1980களிலேயே கந்தகஞ் சேராத மதுவைச் செய்யத் தொடங்கினார். பழத்தின்மீதுள்ள நொதியமே தொழிலைச் செய்ய, மனிதர் தூய்மையுடன் காத்திருத்தலே இம்முறை. ‘இயற்கை மது’ என வழங்கும் இதற்குரிய ஒரு முத்திரை 2020இல் பிரான்சில் ஏற்பட்டது. மருந்தின்றிச் செய்வது கவலையின்றிச் செய்வதாகாது. பாஸ்டர் கண்ட நுண்ணுயிரறிவின் துணையில்லார்க்கு இஃது இயலாத காரியம்.

இம்மலைச்சாரலின் திராட்சை ஒருகாலத்தில் முற்றும் அழியும் நிலையை எய்திற்று. 1860களில் பிரான்சின் தென்பகுதியில் கொடிகள் காரணந் தெரியாது பட்டுப்போயின. அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் நுண்ணிய பூச்சி வேரை உறிஞ்சுவதே காரணம் என 1868இல் பிளாஞ்சோன் முதலிய அறிஞர் கண்டனர். அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேர்மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவித்தே தொழில் மீட்கப்பட்டது. ஆயினும் ஜூராப் பகுதி பழைய பரப்பை மீளப் பெறவில்லை. முன்னர் ஏறக்குறைய 20,000 ஹெக்டேயரிற் பரந்திருந்த கொடிகள் இக்காலத்தில் 2,000 ஹெக்டேயர் அளவினவே.

பிரான்சில் பூச்சி இனங்காணப்பட்டதற்கு அடுத்த ஆண்டிலேயே இலங்கை மலைநாட்டிலும் அழிவு தொடங்கிற்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. அது ஒரு பூஞ்சணம். ஆங்கிலேய அறிஞர் பேர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். தோட்டக்காரர் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி விலையேற்றத்தால் மேலும் காடழித்தனர். 1878 அளவில் கோப்பி ஏறக்குறைய 275,000 ஏக்கரை மூடிநின்றது. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் நோயின் இயல்பை விளக்கினார். தீர்க்கும் மருந்து கிட்டவில்லை. துருசும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் பூஞ்சணத்தை அடக்கும் என்பது 1885இல்தான் மில்லார்டே என்பவரால் வெளியாயிற்று. அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடமும் ஒரு திராட்சை நாடே, பிரான்சின் போர்தோ. அதற்கு முந்திய 1884இல் இலங்கையில் இயங்கிய ஒரியண்டல் வங்கி முறிந்து, கோப்பித் தொழில் வீழ்ந்துவிட்டது.

பிரான்சு பழைய பயிரை ஒட்டுவித்துக் காத்தது. இலங்கை பயிரையே மாற்றிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் இட்ட தேயிலை மலையெங்கும் பரவியது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதப் பாதை, வட்டவளையையும் ஹட்டனையும் கடந்து 1885இல் நானுஓயாவை அடைந்தது. வட்டவளை, தென்மேற்குப் பருவக்காற்று நேரே மோதும் இடம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவான மழை பெறுவது. இம்மேற்குச் சாரலில் தை முதல் பங்குனி வரையான வறண்ட குளிர்காலத்துக் கொழுந்தே மணத்தாற் சிறந்தது. ஆர்புவாவின் களிமண் மதுவிற் பேசுவதுபோல, இங்குக் காற்றும் மழையும் தேநீரிற் பேசுகின்றன.

பயிர் மாறியதன் விளைவு மக்கள் வாழ்விலேயே மிகுதியும் பதிந்தது. கோப்பி பருவப்பயிர். அறுவடைக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். வேலை முடிந்ததும் எஞ்சியோருட் பெரும்பாலார் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே குடும்பமாய் வந்தோர் லயங்களிற் குடியேறினர். கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூஞ்சணம், வந்து போகுங் கூட்டத்தை நிலைத்து வாழும் மக்களாக்கிற்று எனல் மிகையன்று.

இனி, பெயரும் உரிமையும் பற்றி நோக்குவோம். பிரான்சில் கலப்பட மதுவும் பொய்ப்பெயரும் பெருகியகாலைச் சிறு தோட்டக்காரர் வாளாவிருந்திலர். 1905இல் கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது. 1906இல் ஆர்புவாவின் கொடிவளர்ப்போர் கூட்டுறவு மதுச்சாலையை நிறுவினர். 1907இல் தெற்கே இலட்சக்கணக்கானோர் கிளர்ந்தெழ, நர்போன் நகரிற் படையினரின் சூட்டிற்குச் சிலர் பலியாயினர். ஈற்றில் 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப்பெயருக்கு வேலியிட்டது. 1936இல் அவ்வுரிமை பெற்ற முதல் ஊர்களுள் ஆர்புவாவும் ஒன்றாயிற்று. கொடியும் நிலமும் தமதாயிருந்தமையின் பெயரும் அவர்க்கு உரியதாயிற்று.

மலைநாட்டிலோ நிலம் கம்பனிகளின் கையில் இருந்தது. திம்புள்ளை என்னும் பெயர் இலண்டன் ஏலத்தில் விலைபெற, கொழுந்து கிள்ளிய கை பெயரற்று நின்றது. நடேசையர் 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சங்கம் அமைத்தார். 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் பொலிசார் சுட, கோவிந்தன் என்னுந் தொழிலாளி உயிர்நீத்தார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு 7 தொகுதிகளில் வென்றது. மறு ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களுட் பெரும்பான்மையோரைக் குடியுரிமையற்றோராக்கிற்று. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் மீண்டது. இம்மாற்றங்கள் இரண்டிலும் நிலம் உழைப்போர் கைக்கு வந்திலது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேயே.

ஆர்புவாவில் ஆண்டுதோறும் புரட்டாதித் தொடக்கத்தே, ஊரார் தம் திராட்சைக் குலைகளையெல்லாம் சேர்த்துக் கட்டிய பெருங்குலையொன்றைத் தோளிற் சுமந்துசென்று கோயிலிற் படைப்பர். மலைநாட்டுத் தோட்டங்களில் மாரியம்மன் தேரை இழுப்போரும் தம் உழைப்பைத் தெய்வத்தின்முன் வைப்போரே. முன்னவர் படைப்பது தம் சொந்த நிலத்தின் விளைவு. பின்னவர்க்கோ தாம் வாழும் வீட்டுக்கும் உறுதிப்பத்திரம் வேண்டுமென இன்னுங் கேட்கவேண்டியிருக்கிறது. ஊரின் பெயரைக் காக்க ஒரு நாடு சட்டஞ் செய்யுமாயின், அப்பெயரை ஈட்டியவர்க்கு அவ்வூரில் ஒரு துண்டு நிலத்தை உரிமையாக்குதலும் அச்சட்டத்தின் நீதியிலிருந்தே பிறப்பதாகும்.