கண்டம் செய்த நாற்காலி

மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்து, "சார், கல்லூரி வரலாறு ஒண்ணு எழுதித் தாங்க" என்றார்கள். முதல்வர்களின் பெயர்களும் கட்டடங்கள் திறந்த ஆண்டுகளும் முந்தைய மலர்களிலேயே வந்துவிட்டன. ஆகவே இம்முறை நம் கல்லூரி நாற்காலியின் வரலாற்றை எழுதலாம் என்று இருக்கிறேன். சிரிக்க வேண்டாம். மூன்றாண்டுக் காலம் நம் எல்லோரையும் தாங்கிய பொருள் அது. அதற்கு நாலு பக்கம் ஒதுக்கினால் தவறில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் 1968 முதல் 1971 வரை இங்கே பி.ஏ. வரலாறு படித்தவன். 1975இல் அதே துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். 1987இல் இருப்புச் சரிபார்ப்புக் குழுவில் என்னையும் போட்டார்கள். புதிதாக இரும்பு மேசை நாற்காலிகள் வாங்க நிதி வந்திருந்த சமயம். பழைய மண்டபத்திலும் விடுதியிலும் கிடந்த, கால் ஆடுகிற நாற்காலி, பிரம்பு கிழிந்த நாற்காலி, முதுகு இல்லாத பெஞ்சு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கண்டம்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். காலை பதினோரு மணிக்குத் தொடங்கினோம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டோம். ஒரு நாற்காலியைக்கூட நாங்கள் கவிழ்த்துப் பார்க்கவில்லை. மறுவாரம் இரண்டு லாரிகள் வந்தன. எல்லாம் விறகு விலைக்குப் போயின. மூன்றாவது லாரி என்ன காரணத்தாலோ வரவில்லை. மீதிச் சாமான்களை விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டுப் பூட்டினார்கள். பிறகு அவற்றை எல்லோரும் மறந்து போனோம்.

2022இல் அந்தப் பின்கட்டை இடிக்க முடிவாயிற்று. பூட்டை உடைத்துத் திறந்தவர்களில் என் பழைய மாணவர் ஒருவரும் இருந்தார். இப்போது சங்கத்தின் பொருளாளர். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்க கண்டம் பண்ணின சாமான் எல்லாம் அப்படியே இருக்கு. வந்து பாக்கறீங்களா?"

போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டு உருப்படிகள். பாதி நாற்காலி, மீதி பெஞ்சும் மேசையும். பச்சை, சாம்பல், நீலம் என்று பெயிண்டின் மேல் பெயிண்ட். சங்கத்தின் கையிருப்பில் நாற்பதாயிரம் ரூபாய்தான் இருந்தது. நூலகத்துக்குப் பக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு படிப்பறை அமைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்தத் தொகைக்குப் புதிய சாமான் வாங்கினால் அறையில் கால்வாசிகூட நிரம்பாது. "இதையே சரி பண்ணிப் பாப்போமே" என்றார் பொருளாளர். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மறுக்கிற உரிமை எனக்கு ஏது?

பக்கத்து ஊரிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஆசாரியார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார். சட்டத்தின் அடிப்பக்கத்தில் உளியால் நகக்கண் அளவு சுரண்டினார். பொன்னிறமாக மரம் தெரிந்தது. மோந்து பார்த்தார்.

"பர்மாத் தேக்கு. வைரம் பாஞ்ச கட்டை சார். கரையான் வெள்ளையைத்தான் தின்னிருக்கு. வைரத்தைத் தொடலை."

மரத்தின் வெளிச்சுற்றை 'வெள்ளை' என்றும் உள் வயிரத்தை 'வைரம்' என்றும் சொல்வது தச்சர் வழக்கு. தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய்ப் பசையும் சில இயற்கை வேதிப்பொருள்களும் கரையானுக்கு ஆகாதவை. அதனால்தான் முப்பத்தைந்து ஆண்டு ஈர அறையில் கிடந்தும் அது பிழைத்திருக்கிறது.

பர்மாத் தேக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் வரலாற்று ஆசிரியனான எனக்கு உள்ளுக்குள் ஒரு குத்தல். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நான் நடத்திய பாடமாயிற்றே அது!

மாணவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே பர்மாக் காடுகளில் மரத்தைச் சுற்றி வைரம் வரை வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். அதன் பிறகே வெட்டுவார்கள். யானைகள் கட்டைகளை ஓடைக்கு இழுத்து வரும். மழைக்காலத்து வெள்ளம் அவற்றை ஆற்றுக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள். ஒரு மரம் காட்டை விட்டுத் துறைமுகம் வந்து சேர ஆண்டுக் கணக்காகும்.

இந்த வியாபாரத்தில் பெரும்புள்ளி 1863இல் தொடங்கிய பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். வெட்டிய கட்டைகளின் கணக்கைக் குறைத்துக் காட்டி அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று 1885 ஆகஸ்டில் மன்னர் தீபோவின் அரசவை அந்தக் கம்பெனிக்கு அபராதம் விதித்தது. ஏறக்குறைய 23 இலட்சம் ரூபாய். பிரெஞ்சுக்காரர்கள் மேல் பர்மாவில் கால் ஊன்றிவிடுவார்களோ என்று ஏற்கெனவே கவலையில் இருந்த ஆங்கிலேயருக்கு இது நல்ல சாக்காக வாய்த்தது. நவம்பரில் படை நகர்ந்தது. அந்த மாத இறுதிக்குள் மாண்டலே வீழ்ந்தது. 1886 சனவரி முதல் நாள் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னரை முதலில் சென்னைக்கும், பிறகு ரத்தினகிரிக்கும் கொண்டு போனார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். தேக்குக்காக மட்டுமே போர் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேக்குக் கணக்கில் தொடங்கிய வழக்கு ஒரு மன்னரின் அரியணையில் போய் முடிந்தது என்பது உண்மை.

நம் நாட்டுக்கு வந்த பர்மாத் தேக்கைப் பற்றிப் பேசும்போது செட்டிநாட்டை விட முடியாது. கீழ் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்து வளர்ந்த நகரத்தார், காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் எழுப்பிய வீடுகளின் தூண்களும் நிலைகளும் பெரும்பாலும் அந்தத் தேக்குதான். 1937இல் பர்மா இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. இலட்சக்கணக்கான இந்தியர் கடல் வழியாகவும் மலைகளைக் கடந்து கால்நடையாகவும் ஊர் திரும்பினார்கள். மரக்கப்பல்களும் நின்றன. பராமரிக்க முடியாமல் பின்னாளில் பிரித்த வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருவுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். "பாருங்கடா, இதுதான் வரலாறு" என்று தூணைத் தட்டிக் காட்டியிருக்கிறேன். அதே தேக்கில் செய்த பெஞ்சுக்கு எதிரே 'கண்டம்' என்று எழுதியதும் நான்தான்!

மீண்டும் நாற்காலிக்கு வருவோம். எங்கள் காலத்தில் விடுதியில் இருந்தவர்களுக்கு மூட்டைப்பூச்சியை நினைவிருக்கும். பிரம்பு கோத்த துளைகள்தான் அதன் குடியிருப்பு. அதற்குப் பயந்துதான் ஒரு கட்டத்தில் பிரம்பை வெட்டி எறிந்துவிட்டுப் பல நாற்காலிகளில் பிளைவுட் பலகையை ஆணி அடித்துப் பொருத்தினார்கள். அந்த ஆணிகள் சட்டத்தைப் பிளந்தன. நாற்காலி ஆடத் தொடங்கியதற்கு முதற் காரணம் அதுதான் என்று ஆசாரியார் காட்டினார்.

பிரம்பு பின்ன ஒருவரை வரவழைத்தோம். அவருக்குப் பார்வை கிடையாது. பார்வையற்றோர்க்கு இத்தொழிலைக் கற்றுத் தருவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். நாற்காலி பின்னுவதற்கென்றே அரசு அலுவலகங்களில் அவர்களுக்கு வேலை இருந்தது. அவர் பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, ஆசாரியார் பிரித்து வைத்திருந்த சட்டங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சார், இதுல ஏதோ எண்ணு மாதிரி வெட்டியிருக்கே?"

கழுந்தின் பக்கத்தில் மூன்று சிறு உளிக் கீறல்கள். அது நுழைகிற துளையின் ஓரத்திலும் அதே மூன்று கீறல். அடுத்த மூட்டில் நான்கு. அதற்கு அடுத்ததில் ஐந்து. பெயிண்டுக்குள் புதைந்து கிடந்ததால் கண்ணுள்ள எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

ஆசாரியார்தான் விளக்கினார். ஒவ்வொரு கழுந்தையும் அதனதன் துளைக்கே அளந்து சீவியிருக்கிறார்கள். எப்போதாவது பிரித்தால் மாறிப்போகாமல் திரும்பப் பொருத்துவதற்கு அடையாளம் அந்தக் கீறல். ஒட்டியிருந்ததும் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற வச்சிரம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அது இளகிவிடும். மரத்துக்குச் சேதமில்லாமல் மூட்டைப் பிரிக்கலாம். ஆடுகிற இடத்தைச் சீர்செய்து மறுபடி ஒட்டலாம்.

"இது ரிப்பேர் பண்றதுக்காகவே செஞ்ச நாற்காலி சார். நம்ம தாத்தன் செஞ்சதை நம்ம பேரன் பிரிச்சுப் பாப்பான்னு நம்பி எண்ணு போட்டு வச்சிருக்கான். இதைப் போய் யாரு கண்டம் பண்ணினது?"

பொருளாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னேன்: "நான்தான் ஆசாரியாரே."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கவுத்துப் பாத்திருக்க மாட்டீங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைப் போல எந்தத் தணிக்கை அறிக்கையும் என்னைச் சுட்டதில்லை.

அடுத்த நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் மாணவ மாணவியர் வந்தார்கள். பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். முற்காலப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது; 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே முகமூடி போட்டு, நனைத்து, சுரண்டி, தூசியைத் துணியால் துடைத்து எடுத்தோம். அதன் பிறகே உப்புத்தாள்.

மெருகுக்கு ஆசாரியார் கடை வார்னிஷைத் தொடவிடவில்லை. அவலரக்கு வாங்கச் சொன்னார். பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின்தான் கொம்பரக்கு. அதை உருக்கி, அவல் போல மெல்லிய செதிலாக்கினால் அவலரக்கு. சோட்டா நாகபுரிப் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பது. இதற்கென்று 1924இல் ராஞ்சி அருகே ஓர் ஆராய்ச்சி நிலையமே தொடங்கினார்கள். அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டுகளிலும் முக்கியச் சரக்கு இந்த அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டு மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் முடியாது. மாணவர்கள் முதல் நாள் சலித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மரத்தில் முகம் தெரிய ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார்கள்!

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது. முப்பத்தெட்டில் இருபத்தாறு பழைய உருவிலேயே நின்றன. முதுகு போன நான்கு நாற்காலிகள் முக்காலிகளாயின. உடைந்த ஐந்து பெஞ்சுகளின் பலகைகள் மூன்று புத்தக அலமாரிகளாயின. கால் இற்றுப்போன சாப்பாட்டு மேசையின் மேற்பலகையை இரும்புக் கால்களில் ஏற்றிப் படிப்பு மேசையாக்கினோம். மீதி இரண்டும் துண்டு துண்டாகி மற்றவற்றின் ஒட்டுக்கு உதவின. ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானை இழுத்து வந்த தேக்குக்கும் அது பொருந்துகிறது. ஆசாரியார் கூலி, பிரம்பு, அரக்கு எல்லாம் சேர்த்துச் செலவு முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். மிச்சப் பணத்தில் இரண்டு மின்விசிறி மாட்டினோம்.

பெஞ்சுகளில் காம்பஸ் முள்ளால் கீறிய பெயர்கள் நிறைய இருந்தன. தேய்த்து எடுத்துவிடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். வேண்டாம் என்றோம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நானும் என் பெயரைத் தேடினேன். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் 1970இல் கீறியது. கிடைக்கவில்லை. முதல் இரண்டு லாரிகளில் ஒன்றில் அது போயிருக்க வேண்டும். அனுப்பியவனும் நான்தான், யாரிடம் போய்ச் சொல்வது?

இன்றைய மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளை நீங்களும் ஏதாவது ஒரு குழுவில் உட்கார்ந்து, ஒரு பட்டியலில் கையெழுத்துப் போடுவீர்கள். தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்யும் நாளும் வரும். போடுவதற்கு முன் பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஏதாவது கீறியிருக்கும்.

கடைசியாக ஒரு செய்தி. சாமான்களை மறுபடி இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் அல்லவா? அலுவலகத்தில் இருந்த தம்பி பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், எந்தத் தலைப்புல எழுதட்டும்? கொள்முதலா, நன்கொடையா?"

இரண்டும் இல்லை. 1987ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். கிடைத்தது. இந்த முப்பத்தெட்டுக்கும் எதிரே 'கண்டம்' என்று இருந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதி, பழைய கையெழுத்துக்குக் கீழே புதிய கையெழுத்தைப் போட்டேன். கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. ஆனாலும் இரண்டும் ஒரே ஆளின் கையெழுத்துதான் என்று பார்த்தாலே தெரியும்.

கூட்டத்துக்கு வரும்போது படிப்பறைக்கு வாருங்கள். உட்கார இடம் இருக்கிறது.