இடைநிலைப்பள்ளிக்கு ஒரு சைக்கிள்

1893இல் பேராவின் தெலுக் அன்சனிலிருந்து ரயில் வந்து நின்ற இடம் தாப்பா ரோடு. பெயரில்தான் தாப்பா, ஊருக்கு வர இன்னும் சில மைல் போக வேண்டும். தோட்டங்களோ அதற்கும் அப்பால், செம்மண் சாலைகளின் கடைசியில். ரயில் எட்டாத அந்தத் தூரத்தைத்தான் எங்கள் வட்டாரத்தில் சைக்கிள் கடந்தது. கிராணி வைத்திருந்தார், தபால்காரர் வைத்திருந்தார். பால்வெட்டு ஆள் சைக்கிள் வாங்கியது பிறகு வந்த கதை.

எங்கள் தாத்தா காலத்தவர்களுக்குச் சைக்கிள் என்றாலே ஜப்பான்காரன் ஞாபகம்தான். கம்பார் சண்டை 1942 ஜனவரி 2இல் முடிந்தது. 7ஆம் தேதி சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் அணி உடைந்தது. இரண்டுக்கும் நடுவே தெமோ, தாப்பா, பீடோர். அந்தச் சாலையில் ஜப்பானியக் காலாட்படை சைக்கிள் மிதித்தே வந்தது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். போருக்கு முன் ஜப்பான் இங்கே மலிவு விலையில் சைக்கிள் விற்றிருந்ததால் ஊருக்கு ஊர் சாமான் கிடைத்தது. போதாததற்கு வீடுகளில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள். தாத்தா தம் சைக்கிளைக் கழற்றி, சக்கரங்களைப் பரணிலும் ஃபிரேமை மாட்டுக்கொட்டகைச் சாணத்துக்கு அடியிலும் மறைத்து வைத்தாராம். அப்போது அதைவிட நல்ல பூட்டு இல்லை.

1948 ஜூனில் அவசரகாலம் வந்ததும் சைக்கிள் மறுபடி சந்தேகத்துக்கு ஆளானது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாதென்று தோட்ட வாசலில் சோதனை. பம்புக்குள், ஃபிரேம் குழாய்க்குள் அரிசி இருக்கிறதா என்று சீட்டைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். கம்யூனிஸ்டுகளின் தலைவர் சின் பெங்கின் அப்பா இதே பேராவில், சித்தியவானில், சைக்கிள் கடை வைத்திருந்தவர். குழாய்க்குள் எவ்வளவு கொள்ளும் என்று மகனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். 1965 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமலே இடைநிலைப்பள்ளிக்குப் போகலாம் என்று ஆனது. அரசாங்கம் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது. அங்கே எப்படிப் போவது என்பது எங்கள் பாடு. பஸ் பெரிய சாலையில்தான் ஓடும். பொழுது விடியுமுன் ரப்பர் மரங்களுக்கு நடுவே பெண்பிள்ளை தனியாக நடக்கக் கூடாது என்றார் அம்மா. சைக்கிள் கிடைத்தால் புகுமுக வகுப்பு, கிடைக்காவிட்டால் வெளிக்காட்டு வேலை. என்னோடு படித்த எத்தனையோ பெண்கள் வெளிக்காட்டுக்குத்தான் போனார்கள். மார்க்கு குறைந்ததால் அல்ல.

என் சைக்கிள் அம்மா கூட்டுச் சீட்டுக் கட்டி எடுத்த பணம். (1971இல் கூட்டுப் பணத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.) தாப்பாக் கடைவீதியில் சீனர் கடை ஒன்று. முன்னால் தொங்கிய புது ராலேயைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே கிடந்த பழைய பெண்கள் வண்டி ஒன்றை அப்பா வெளியே எடுத்தார். கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஃபிரேமில் குத்தியிருந்த நம்பரை நகத்தால் சுரண்டி, ரசீதில் எழுதச் சொன்னார். திருட்டு வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பது அப்போதே உண்டு.

“அண்ணே, பின்சக்கரப் பூட்டு சும்மா தர்றேன். தங்காச்சிக்குச் சங்கிலி வாங்கிக் குடு,” என்றார் கடைக்காரத் தவுக்கே.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பின்சக்கரப் பூட்டு, வளைந்த எஃகுக் கம்பி ஒன்று ஆரக்கால்களுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் மாட்டிக்கொள்ளும் வகை. மாட்டிய பிறகுதான் சாவி கையோடு வரும். அதனால் பூட்ட மறக்க முடியாது. ஆனால் பூட்டுவது சக்கரத்தை மட்டும்தான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நடந்தே போய்விடலாம். கொட்டகைத் தூணோடு சேர்த்துக் கட்டச் சங்கிலி வேண்டும். பம்பை எதனாலும் பூட்ட முடியாது. கழற்றி வகுப்புக்கு எடுத்துப்போய் மேசைக்கடியில் வைத்துக்கொள்வோம். அப்போது சைக்கிளுக்கு லைசன்ஸ் தட்டு வேறு. அதைத் திருகிக் கழற்றிக்கொண்டு போகிறவனும் உண்டு, பிறகு போலீஸ்காரரிடம் பதில் சொல்வது நாங்கள்.

இப்போது தாப்பாவில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவது அருமை. பழையபடி மாணவர் சைக்கிளைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே கம்பாருக்குப் போக வேண்டும். பழைய ஈய லம்பத்தில் 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் வந்தது. வாடகை வீட்டிலிருந்து வகுப்புக்குப் பிள்ளைகள் மிதித்தே போகிறார்கள். அண்ணன் பேத்தி அங்கே சேர்ந்ததும், படிப்பு முடித்துப் போகும் மாணவியிடம் வண்டி வாங்குவதாகச் சொன்னாள். ரசீது கேள் என்றேன். சிரித்தாள், ஆனாலும் ஃபிரேம் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். பூட்டுதான் சரியில்லை: பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள், நல்ல கட்டருக்கு ஒரு நிமிஷம் தாங்காது. ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் நிலையான கம்பியோடு பிணைக்கிற மாதிரி கனமான யூ வடிவப் பூட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி விலையில் பாதி பூட்டுக்கே போய்விடும் என்கிறாள். போகட்டும், அந்தப் பாதியை நான் தருகிறேன்.