குக் கவுன்டி சர்க்யூட் நீதிமன்றம்

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சிகாகோவும் அதன் புறநகர்களும் அடங்கிய குக் கவுன்டிக்கான விசாரணை நீதிமன்றம். தனித்தனியே இயங்கிய 160-க்கும் மேற்பட்ட நீதிமன்றங்களை 1964-இல் ஒன்றாக்கி இது அமைக்கப்பட்டது. இதன் நகராட்சித் துறை ஆறு மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. முதலாவது சிகாகோ நகரம். அங்கே 30,000 டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டு வழக்குகள் இன்னொரு துறையான கவுன்டித் துறையின் சட்டப் பிரிவுக்குப் போகும். விவாகரத்து, உயில், கொலை போன்றவற்றுக்கும் அத்துறையில் தனிப் பிரிவுகள் உண்டு. சர்க்யூட் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு. அதன் பின்னும் பதவியில் நீடிக்க 60 சதவீத வாக்கு வேண்டும்.

ஆவணங்கள் நீதிபதிகளின் பொறுப்பில் இல்லை. அவற்றைக் காப்பவர், தேர்தலில் கட்சி சார்பில் நின்று வெல்லும் நீதிமன்ற எழுத்தர். இந்திய வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். வழக்கு எண்ணில் ஆண்டு, பிரிவைக் குறிக்கும் எழுத்து, வரிசை எண் ஆகியவை இருக்கும். எண் தெரியாவிட்டால் வழக்குத் தரப்பினரின் பெயரால் தேடலாம். வழக்கின் நடப்பை எழுத்தரின் இணையதளத்திலேயே பார்க்கலாம்; சான்றிட்ட நகலுக்குக் கட்டணம் உண்டு. சிறார் வழக்கு, தத்தெடுப்புக் கட்டுகள் பொதுவில் கிடைக்கா. பழைய ஆவணம் தேடுவோருக்கு 1871 ஓர் எல்லைக்கோடு: அவ்வாண்டு அக்டோபரில் சிகாகோவில் பரவிய பெருந்தீயில் அன்றைய நீதிமன்றக் கட்டடமும் அதிலிருந்த பதிவேடுகளும் எரிந்துபோயின.